பத்துக்கு ஆறு

இன்னும் இருபத்தேழு நோட்டு. ஏழுதான் முடிந்திருக்கிறது, மணி இரண்டேகால். ஒரு நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்றால் மூன்றே பத்துக்கு முடிந்துவிடும், அப்புறம் பிள்ளைகள் இன்லண்ட் கடிதத்தில் நகல் எழுத இருபது நிமிடம், மூன்றரைக்கு மணி அடிக்கும், அதற்குப் பிறகு அரைமணி நேரம் கட்டிலில் கண்ணை மூடிக் கிடக்கலாம். ஒரு கணக்கு முடிந்து விடை வந்துவிட்டால், அந்த விடைக்குள் போய்ப் படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது தமயந்திக்கு. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை. வலது பொட்டில் வலி காலையிலேயே வந்துவிட்டது. ஐந்தேமுக்காலுக்கு எழுப்பும் மணி அடித்தபோது வந்தது, காலைச் சாப்பாட்டு வரிசையில் கொஞ்சம் அடங்கியது, மூன்றாம் வகுப்பு கோரஸாக ஒன்பதாம் வாய்ப்பாடு சொன்னபோது திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. சனிக்கிழமை அரை நாள் பள்ளி. பன்னிரண்டரைக்கு இரண்டு வேன்களும் தினசரி வந்துபோகும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடும். போனதும் பள்ளியின் சத்தம் பாதிக்கு மேல் வேனோடு போய்விடும். மிச்சம் இருப்பது ஹாஸ்டல் பெண்கள் முப்பத்துநாலு பேர், சமையலறையில் அலம்பும் சத்தம், தூரத்தில் போடி மலை, அப்புறம் தமயந்தி. தாவரவியல் படித்துவிட்டு வந்தவள் இந்த எட்டு மாதத்தில் தமிழும் அறிவியலும் எடுக்கிறாள், மாலைப் படிப்பைப் பார்த்துக்கொள்கிறாள், யாருக்காவது காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி நனைத்துப் போடுகிறாள். ஹாஸ்டலிலேயே ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். அந்த அறைக் கதவை யாரும் தட்டாமல் ஒரு மணி நேரம் கடந்ததாக அவளுக்கு நினைவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் கடித வகுப்பு. வீட்டுக்கு எழுத வேண்டிய கடிதத்தை முதலில் கடித நோட்டில் எழுத வேண்டும். தமயந்தி திருத்திப் பத்துக்கு மதிப்பெண் போடுவாள். எட்டும் அதற்கு மேலும் வாங்கியவர்கள் தாங்கள் எழுதியதையே இன்லண்டில் நகல் எடுத்து அனுப்பலாம். எட்டுக்குக் கீழே வாங்கியவர்கள் கரும்பலகையில் இருக்கும் கடிதத்தைப் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். அன்புள்ள அப்பா அம்மாவுக்கு, நான் இங்கு நலம், உங்கள் நலம் அறிய ஆவல், நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகப் படிக்கிறேன். தாளாளரின் மனைவி வசந்தகோகிலம் மேடம் வைத்த ஏற்பாடு அது. ஹாஸ்டல், அலுவலகம் எல்லாம் அவர் கையில்தான். வந்த புதிதில் தமயந்தியை உட்காரவைத்து, "கையெழுத்து நல்லா வரணும்னுதாம்மா இது" என்றார். அப்போதே அவளுக்கு ஏதோ இடறியது. கையெழுத்துக்காக என்றால் ஏன் கரும்பலகைக் கடிதம், ஏன் ஒட்டாமல் அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்று ஒரு கேள்வி எழுந்து தொண்டை வரைக்கும் வந்தது. வந்த கேள்வி வழக்கம்போல அங்கேயே தங்கிவிட்டது. அவளுக்குத் தொண்டை வரைதான் எல்லாம் வரும். கல்லூரியில் செமினார் நாளில் மேடையில் ஏறி, பெரணிகளின் இனப்பெருக்கம் என்று தலைப்பை மட்டும் சொல்லிவிட்டு நான்கு நிமிடம் நின்றாள். அறுபது கண்ணும் அவள்மேல். பேராசிரியை கடைசியில், "சரி, உக்காரு, நல்லாத்தான் தயார் பண்ணிருப்ப" என்றார். அந்தப் பரிவுதான் இன்றைக்கும் கூசுகிறது.

எட்டாவது நோட்டு பிரின்சியுடையது. படிக்கவே வேண்டாம், பார்த்தால் போதும். தேதி இருக்கிறது, ஓரத்தில் இடம் விட்டிருக்கிறாள், விளிப்பு இருக்கிறது, எழுத்து வரிமேல் உட்கார்ந்திருக்கிறது. இப்படி நான்கு இடத்தில் கண் தட்டிவிட்டுப் போகப் பழகிவிட்டது. கடைசி வரியில் மட்டும் கண் நின்றது. ஏழாவதாக அதிரசம், எட்டாவதாக மாங்காய் ஊறுகாய், ஒன்பதாவதாக முடிந்தால் அப்பா.

பின்னாலிருந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டார்கள். "ஏய் பிரின்சி, இது உங்கப்பாவுக்குக் கடுதாசியா, கடைக்காரருக்கு எழுதுன லிஸ்டாடி?"

"எங்கப்பா கடைதாண்டி வச்சிருக்காரு!"

வகுப்பு சிரித்தது. தமயந்தியும் சிரித்திருப்பாள், ஆனால் சிரித்தால் பொட்டு வலிக்கும். "சத்தம்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கே குரல் கரகரத்தது. பிரின்சிக்கு எட்டு போட்டாள். அடுத்த நோட்டு, அதற்கடுத்தது. ஏழு, எட்டு, ஏழு, ஒன்பது. இவ்வளவு பேருடைய வாரம் தன் கைக்குக் கீழே போகிறது, ஒன்றும் ஒட்டுவதில்லை, ஓர் எண் போட்டு அனுப்பிவிடுகிறாள் என்று தோன்றியது. தோன்றிய அடுத்த நொடியே மறந்தும் போனது, ஏனென்றால் தன் அம்மாவுக்கு எழுத வேண்டிய கடிதம் நினைவுக்கு வந்தது. சாத்தூரிலிருந்து அம்மா மூன்று கடிதம் போட்டுவிட்டாள். மூன்றிலும் ஒரே கேள்வி, எப்போது வருகிறாய். வருவது என்றால் வந்து இருந்துவிடுவது. இருந்துவிடுவது என்றால் அந்தத் திருமங்கலத்துக்காரர்கள் வந்து பெண் பார்ப்பது. அவர்கள் வந்து காபி குடித்துவிட்டுப் போனால், அவள் தட்டோடு நின்ற கோலத்தைப் பற்றி வீட்டில் ஒரு வாரம் பேச்சு ஓடும். இங்கே இருந்தால் குறைந்தபட்சம் யாரும் தன்னைப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் பார்க்கிறார்கள், ஆனால் அவர்கள் மிஸ்ஸைப் பார்க்கிறார்கள், தமயந்தியை அல்ல. போன வாரம் அம்மாவுக்கு என்ன எழுதினாள்? நான் இங்கு நலம், உங்கள் நலம் அறிய ஆவல். தானே அப்படி எழுதினோமே என்பது இப்போதுதான் உறைத்தது. ஒருவேளை அவளும் எட்டுக்குக் கீழேதான் போலிருக்கிறது.

பதினாறாவது நோட்டில் சிவப்புப் பேனா மக்கர் செய்தது. ஆறு போட ஆரம்பித்து அதன் வயிற்றை மூடுவதற்குள் மை நின்றுவிட்டது. உதறினாள், உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தாள், முனையை வாயில் வைத்து ஊதினாள். இத்தனையும் செய்யும்போது கண்ணுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலையற்ற கண் நோட்டில் விழுந்தது. ஓரத்தில் இடமே விடாமல், வரியை விட்டு வழுக்கிக்கொண்டு, நெருக்கிப் பிடித்து எழுதியிருந்தது. ஐந்தாம் வகுப்பு நாகஜோதி. மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்க்கும் வீடு. தகப்பன் இல்லை, அம்மா மட்டும்.

அன்புள்ள அம்மாவுக்கு. நேற்றும் படுக்கையில் போய்விட்டேன். ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்கவில்லை, சாப்பாட்டுக்குக்கூட குடிக்கவில்லை, அப்படியும் போய்விட்டேன். சிட்டம்மா ஆயா மெத்தையை கேட் பக்கம் காயப்போட்டு என்னை அதுகூட நிக்கச் சொல்லுது. வேன் பிள்ளைகள் இறங்கிப் போகும்போது மூக்கைப் பிடிக்கிறார்கள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். காலடிச் சத்தத்தை வைத்து எத்தனை பேர் என்று எண்ணுவேன். முதல் வேனில் இருபத்திரண்டு, இரண்டாவது வேனில் பத்தொன்பது. எல்லாரும் போனபிறகு கண்ணைத் திறப்பேன்.

பேனா எழுத ஆரம்பித்துவிட்டது. அவள் எழுதவில்லை. பக்கத்தைப் பின்னால் புரட்டினாள். போன சனிக்கிழமை, ஆறு, ஓரத்தில் இடம் விடவும். அதற்கு முந்தியது, ஐந்து, நேராக எழுதவும். அதற்கும் முந்தியது, ஆறு, ஆறு, ஐந்து. எல்லாம் அவளுடைய கை, அவளுடைய சுருக்கொப்பம். ஒவ்வொன்றின் கீழேயும் அதே மெத்தை, அதே கேட். ஆறு வாரம். மூன்றாவது வாரத்துக் கடிதத்தின் நடுவே தன் பெயரைப் பார்த்தபோது காது சுட்டது. தமயந்தி மிஸ் வந்தார்கள். காக்கா விரட்டுகிறாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொன்னேன்.

கேட்டாள்தான். நினைவிருக்கிறது. பிரேயருக்கு வருகைப்பதிவேட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, கேட் ஓரம் வெயிலில் சின்னதாக ஒரு உருவம், பக்கத்தில் மதில்மேல் போட்ட மெத்தை. ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது, கனிவாக ஏதோ சொல்லிவிட்டதாக ஒரு திருப்தி. மெத்தையைக் கொத்த எந்தக் காக்கா வரும்? அப்போதே தெரியாதா? இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசித்தால் தெரிந்துதான் இருந்தது. மெத்தையின் நடுவே இருந்த திட்டுகூடத் தெரிந்தது. தெரிந்தது தெரியாமலிருக்க ஒரு காக்காயைக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறாள். அந்தப் பிள்ளையும் பெரிய மனுஷி போல, மிஸ்ஸுக்கு எதற்குச் சங்கடம் என்று, ஆமாம் என்று சொல்லிவிட்டது. அப்புறம் எத்தனை காலை அந்த வழியாகப் போனாள்? மறுநாளிலிருந்து நூலகத்துப் பக்கமாகச் சுற்றிப் போனோமோ? போனாள். அது பக்கம் என்று நினைத்துப் போனாள். அது பக்கமே இல்லை.

தலைவலி கண்ணுக்குப் பின்னால் இறங்கியது. களைப்பு எவ்வளவு வசதியான ஆள் என்று நினைத்தாள். எது கேட்டாலும் நாளைக்கு என்று சொல்லும். இப்போதும் சொன்னது. ஆறின் வயிற்றை மூடு, அடுத்த நோட்டை எடு, திங்கட்கிழமை ஆயாவைத் தனியாகப் பார்த்து ஒரு வார்த்தை சொல். ஆயா என்ன சொல்வாள்? மேடம் சொன்னதைத்தானே செய்யறேன் டீச்சர் என்பாள், அது உண்மையாகவும் இருக்கும். அப்புறம் மேடம் கூப்பிடுவார். நிரந்தரம் ஆக இன்னும் நாலு மாதம் இருக்கிறது, அதற்குள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சாத்தூர் பஸ், அம்மா, திருமங்கலத்துக்காரர்கள், தட்டு. எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தன. ஆனால் அந்த வரிசைக்கு நடுவே ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு காலடிகளை எண்ணிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அதில் தன் செருப்புச் சத்தத்தையும் எண்ணியிருக்குமா?

ஓரத்தில் ஒரு விரல்கடை இடம் விடாததற்காக ஆறு வாரம் ஒரு அம்மாவுக்கு விஷயம் போகவில்லை. அப்படித்தான் அவளுக்குப் பட்டது. எட்டு வாங்க வேண்டும் என்று வாராவாரம் முட்டிப் பார்த்திருக்கிறது, கை ஒத்துழைக்கவில்லை. இரண்டு மதிப்பெண். இவ்வளவுதானே, இதைத் தன்னால் செய்ய முடியும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. அரைகுறையாக நின்ற ஆறை அழுத்தி அடித்தாள். பக்கத்தில் ஒன்பது போட்டாள். கடிதங்களைத் தானே ஒட்டி, கட்டோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம், மறந்து ஒட்டிவிட்டேன் மேடம் என்று சொல்லலாம், மேடம் ஒரு முறை முறைத்துவிட்டு விடுவார். கடிதம் மலையேறிப் போகும். அந்த அம்மா வருவாள். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். வெகு நாளைக்குப் பிறகு நெஞ்சில் ஒரு சின்ன இடம் காலியானது.

"நாகஜோதி."

வந்தது. மேசை உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னின இரட்டைச் சடை. நோட்டை வாங்கிக்கொண்டு திரும்பப் போனது. இரண்டு தப்படி வைத்துவிட்டு நின்றது. திரும்பி வந்தது.

"மிஸ், இது எனக்கா மிஸ்?"

"உனக்குத்தான்."

"ஒம்பதா மிஸ்?"

"ஆமா. நீ எழுதினதையே இன்லண்ட்ல எழுதலாம். உங்கம்மாவுக்குப் போகும்."

பிள்ளையின் முகம் மலரும் என்று காத்திருந்தாள். வெளுத்தது. நோட்டை மேசைமேல் வைத்து, ஒன்பதின்மேல் விரலை வைத்து மறைத்துக்கொண்டது. பின்வரிசைக்குக் கேட்காத குரலில் சொன்னது. "வேணாம் மிஸ். எப்பவும் போல ஆறே போட்டுருங்க மிஸ்."

"ஏன்டா?"

"நான் ஓரம் விடலையே மிஸ். கோணலாத்தானே எழுதிருக்கேன். பாருங்க."

தமயந்திக்குப் புரியவில்லை. பிறகு மெல்ல, எங்கோ படியில் கால் தவறினது போல, புரிய ஆரம்பித்தது. "நீ வேணும்னுதான் கோணலா எழுதுறியா?"

பிள்ளை தலை குனிந்துகொண்டது. "எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது மிஸ். ஸ்டோர் கணக்குப்பிள்ளைதான் படிச்சுச் சொல்வாரு. சாயங்காலம் காய் எடை போடயில. எல்லா அக்காளும் நிப்பாங்க, சத்தமாப் படிப்பாரு." மூக்கை உறிஞ்சியது. "ஆறு வாங்குனா போகாதுல்ல மிஸ். போகாதுன்னுதான் எழுதினேன்."

இடதுபுறம் யாரோ யாரிடமோ அழிரப்பர் கேட்டார்கள். தமயந்தி நோட்டைத் தன்பக்கம் இழுத்தாள். போகாது என்று தெரிந்து எழுதியது. அப்படியானால் யாருக்கு எழுதியது? இந்த நோட்டு யார் கைக்கு வரும்? ஒரே ஒரு ஆள் கைக்கு. சத்தமாகப் படிக்காத ஆள், கூட்டம் சேர்க்காத ஆள், பச்சைப் பிள்ளை நம்பி எழுதிக் கொடுக்கக்கூடிய ஆள். அந்த ஆள் ஆறு வாரமாக ஓரத்தில் இடம் விடவும் என்று பதில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பிள்ளைகூட அப்படி நினைத்து எழுதியிருக்காது. அம்மாவை நினைத்துத்தான் எழுதியிருக்கும். ஆனால் வந்து சேர்ந்த இடம் இதுதான். மலைக்கு அனுப்பிவிட்டுக் கட்டிலில் போய்ப் படுக்கலாம் என்று பார்த்தாள். அந்த வழி அடைத்துக்கொண்டது. கேட்டுக்கும் இந்த மேசைக்கும் முப்பது தப்படி இருக்குமா? மலையில் இருப்பவள் இரண்டு பஸ் மாறி வர வேண்டும்.

ஒன்பதை அடித்தாள். ஆறு போட்டாள், வயிற்றை முழுசாக மூடி. சுருக்கொப்பம் போட்டாள்.

"போ. போர்டைப் பார்த்து எழுது."

"சரி மிஸ்." முகத்தில் ரத்தம் திரும்பியது. போகிற போக்கில், பெரிய உதவி செய்தவரிடம் சொல்வது போலச் சொன்னது: "தேங்க்ஸ் மிஸ்."

அந்தத் தேங்க்ஸைத் தூக்கிக்கொண்டு மிச்ச நோட்டுகளைத் திருத்தினாள். ஒவ்வொன்றையும் படித்தாள். மணி மூன்றரை தாண்டியது, பிள்ளைகள் முனகினார்கள், படித்தாள். வேறொரு நாகஜோதி இருந்துவிடுவாளோ என்று பயந்து படித்தாள். பல்வலி ஒன்று, காணாமல்போன ரிப்பன் ஒன்று, ஒருத்திக்குப் பாட்டு டீச்சர்மேல் உயிர். நாலு மணிக்கு முப்பத்துநாலு இன்லண்டுகளையும் நூல் போட்டுக் கட்டினாள். மேலாக இருந்தது நாகஜோதியுடையது. ஓரத்தில் ஒரு விரல்கடை இடம் விட்டு, வரி பிசகாமல், அச்சடித்தது போல எழுதியிருந்தது. நான் இங்கு நலம்.

அலுவலகம் வராந்தாவின் கடைசியில். நடக்கும்போது என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். கடிதத்தில் படித்தேன் என்று சொல்லக் கூடாது, சொன்னால் நோட்டைக் கொண்டா என்பார்கள், பிள்ளை மாட்டிக்கொள்ளும். நானே பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். பார்த்துமிருக்கிறாள். மேடம், ஒரு சின்ன விஷயம். சின்ன என்று ஏன் சொல்ல வேண்டும்? மேடம், ஒரு விஷயம். உள்ளங்கை வேர்த்து இன்லண்டின் நீலம் விரலில் ஒட்டியது. திரும்பிவிடலாம் என்று கால் இரண்டு முறை சொன்னது.

வசந்தகோகிலம் மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகக் கண்ணோட்டம் விட்டார். "நாகஜோதி கையெழுத்து எவ்ளோ மாறிருச்சு பாத்தியா? நல்லாச் சொல்லிக் குடுக்குற. வேற ஒண்ணுமில்லையே?"

"அந்தப் பொண்ணை மெத்தையோட நிக்க வைக்கறது, மேடம்."

சொல்லிவிட்டாள். ஒத்திகை பார்த்த எந்த வாக்கியமும் இல்லை இது.

மேடம் நிமிர்ந்தார். "ஆமா. அதுக்கென்ன?"

"வேன் வர்ற நேரம் மேடம். எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கணும்னுதானம்மா. நாலு பேரு பாத்தா வெக்கம் வரும், வெக்கம் வந்தா பழக்கம் போயிரும். எத்தனை பிள்ளைகளைப் பாத்திருக்கேன். நீ புதுசு." கோபமில்லை. அலுப்பாகத்தான் சொன்னார். அவருக்கும் காலையிலிருந்து வேலை.

"பழக்கம் போகலை மேடம். ஆறு வாரமாச்சு. சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்கறதில்லை."

"உனக்கு யார் சொன்னா?"

தொண்டையில் எல்லாம் வந்து நின்றது. செமினார் மேடை, தலைப்பு, அறுபது கண். பரவாயில்லை உக்காரு என்று இவரும் பரிவாகச் சொல்லிவிடுவாரோ என்று ஒரு கணம் ஆசையாகக்கூட இருந்தது. "நான் பார்த்தேன்" என்றாள். "தினம் அந்தப் பக்கம்தான் போயிட்டிருந்தேன். பார்த்துட்டுப் பேசாமப் போனேன், அப்புறம் சுத்திப் போக ஆரம்பிச்சேன்." குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே, தான் நினைத்தே இராத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டாள். "திங்கக்கிழமை அவளை நிக்க வச்சா, நானும் கூட நிக்கறேன் மேடம். கேட்கிட்ட. ரெண்டு வேனும் போற வரைக்கும்."

மேடம் கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டார், இந்த எட்டு மாதத்தில் முதல் தடவையாக இவளை யாரென்று பார்ப்பவர் போல. "டீச்சர் போய் மூத்திர மெத்தை பக்கத்துல நின்னா, வேன் புள்ளைங்க வீட்டுல போய் என்ன சொல்லும்? யோசிச்சியா?"

"யோசிக்கலை மேடம்."

"உடம்பு சரியில்லையா உனக்கு? கண்ணெல்லாம் செவந்திருக்கு. போ, போய் ஒரு காபி குடிச்சிட்டுப் படு. அப்புறம் பேசலாம்."

கட்டில் கண்முன் வந்தது. தலையணையின் குளிர்ச்சி கன்னத்தில் பட்டது. அப்புறம் என்றால் எப்போது என்று அவளுக்குத் தெரியும். அது அவளுடைய சொல்தான், இத்தனை நாளாக அவள் சொல்லிக்கொண்டிருந்தது.

"இப்பவே சொல்லிருங்க மேடம்" என்றாள்.

மேடம் அடுத்த கடிதத்தை எடுத்தார். படித்தார். ஒட்டினார். அடுத்ததை எடுத்தார். எதிரே நாற்காலி காலியாக இருந்தது, உட்காரச் சொல்லவில்லை. தமயந்தி மேசை விளிம்பைத் தொடாமல் நின்றாள். முழங்காலுக்குக் கீழே நரம்பு விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து நின்ற கால்தான். இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும்.